ஓரத்தில் எழுதிய 'முன்', 'பின்': ஒரு விருந்து மேசையின் நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டுத் தூதுவர்களையும் விருந்தாளிகளையும் முறைப்படி வரவேற்கிற உபசரணைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இந்தச் சம்பவத்தை வாயால் சொல்லி வந்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கே தெரியாமல் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன் என்று ஒரு மாணவி சுட்டிக்காட்டியதால் எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆட்களின் பெயர், நாடுகளின் பெயர், அலுவலகத்தின் பெயர் எதுவும் இங்கே இல்லை. நானும் இதில் ஒரு ஆள். பிழையில் பெரிய பங்கு என்னுடையது என்பதை வாசித்துப் போகும்போது காண்பீர்கள்.

பின்னணி

உபசரணை என்ற தமிழ்ச் சொல் எழுத்தில்தான். வாயில் எல்லோருக்கும் புரோட்டோகோல். வெளியில் இருப்பவர்கள் இதை பூச்செண்டு கொடுக்கும் வேலை என்று நினைப்பார்கள். உண்மையில் பாதி வேலை பட்டியல் வேலை: யார் முன், யார் பின், யார் வலம், யார் இடம்.

இந்த முன் பின் விளையாட்டு அல்ல. 1661 செப்டெம்பரில் லண்டனில் சுவீடன் தூதுவரின் வண்டிக்குப் பின்னால் யாருடைய வண்டி முதலில் போவது என்று பிரெஞ்சுத் தூதுவரின் ஆட்களும் ஸ்பானியத் தூதுவரின் ஆட்களும் தெருவில் வெட்டிக்கொண்டார்கள், ஆட்கள் செத்தார்கள். 1815இல் வியன்னாவில் கூடியவர்கள் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள்: நாடு பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை, ஒரே தரத்துத் தூதுவர்களில் வருகையை முதலில் அறிவித்தவர் முன். 1961ஆம் ஆண்டின் இராஜதந்திர உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை அதையே சீராக்கியது. அதன் 16ஆம் உறுப்புரை, தூதுவர்களின் முன்னுரிமை அவர்கள் கடமையை ஏற்ற 'திகதியும் நேரமும்' கொண்டு அமையும் என்கிறது. 13ஆம் உறுப்புரை, நற்சான்றுப் பத்திரம் (இவர்தான் எங்கள் தூதுவர் என்று அவருடைய நாடு கொடுத்தனுப்பும் கடிதம்) கையளிக்கும் ஒழுங்கு தூதுவர் நாட்டுக்கு வந்து சேர்ந்த திகதியையும் நேரத்தையும் பொறுத்தது என்கிறது. ஆக, ஒருவருடைய கதிரை எது என்பது கட்டுநாயக்கவில் விமானச் சக்கரம் தரையைத் தொடும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

இரண்டு இடத்திலும் 'நேரம்' என்ற சொல் இருக்கிறது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

கொழும்பில் தூதுவர்கள் ஆளுக்கொரு நாள் என்று நற்சான்றுப் பத்திரம் கையளிப்பதில்லை. ஒரே காலையில் மூன்று பேர், நான்கு பேர், சில நாளில் அதற்கும் மேல். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போவார்கள், கடிதத்தைக் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், வெளியே வருவார்கள். அவர்களில் பலர் கொழும்பில் வசிப்பவர்களும் அல்ல. புதுடில்லியில் இருந்துகொண்டே இலங்கைக்கும் தூதுவராக நியமிக்கப்பட்டவர்கள். வந்து பத்திரம் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த முறை எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் நினைவில் இருக்கமாட்டார்.

மூத்தவரும் அவருடைய கொப்பியும்

எங்கள் பிரிவில் ஒரு மூத்த உத்தியோகத்தர் இருந்தார். வடமராட்சிக்காரர், வெள்ளவத்தையில் குடியிருப்பு. 1976 ஆகஸ்டில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு நடந்தபோது பள்ளிக்கூடப் பையன். மாமா வீட்டுக்கு வந்திருந்தவர் வீதியோரத்தில் நின்று கொடி கட்டிய கார்களை எண்ணினாராம். எத்தனை கார் என்று இன்றைக்கும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிக்கை சொல்வதால் நாங்கள் நம்பினோம்.

எண்பதுகளில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். தட்டச்சு, கோவை, அப்புறம் விமான நிலையக் கடமை. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை எழுதி மேலே போனவர் அல்ல. அந்தச் சேவைக்காரர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு தலைநகருக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு பணிப்பாளரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விடயம், சந்தேகம் வந்தால் இவரைக் கேட்பது. கொடி பறக்கும் காரில் வாள் ஏந்திய சிங்கம் கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும், பின்பக்கம் பார்க்கக்கூடாது என்று ஒரு சாரதிக்கு மழையில் நின்று கொடியைக் கழற்றி மாட்டிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். நனைந்த சேர்ட்டோடு அப்படியே போய் விருந்தாளியின் பெட்டியையும் எண்ணினார்.

அவருடைய கொப்பி பற்றிச் சொல்ல வேண்டும். சீ.ஆர். கொப்பி, நீலமும் சிவப்பும் கலந்த கெட்டி மட்டை. ஏழு கொப்பிகள் இருந்தன. அது தொடங்கிய கதையை ஒரு இரவு கட்டுநாயக்க விசேட விருந்தினர் மண்டபத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு சொன்னார். யுத்த காலத்தில் நள்ளிரவு விமானத்துக்குப் போக வேண்டும். வழியில் சோதனைச் சாவடி. அரச வாகனம், அரச அடையாள அட்டை, தமிழ்ப் பெயர். எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டாய், நேற்று எங்கே நின்றாய் என்ற கேள்விக்கு ஒரே மாதிரிப் பதில் சொல்ல வேண்டும். அதற்காக எழுதத் தொடங்கினார். 11.20 அலுவலகம். 12.05 சாவடி. 12.50 விமானம் இறங்கியது. இன்னார் வந்தார். 2.15 ஹோட்டல். 3.00 வீடு.

யுத்தம் முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அதனால்தான் அந்தக் கொப்பியில் ஒவ்வொரு தூதுவரும் இறங்கிய நிமிடமும் பத்திரம் கையளித்த நிமிடமும் இருந்தன. அரசாங்கத்துக்காக எழுதியது அல்ல அது. தான் எங்கே இருந்தேன் என்பதற்குத் தன்னிடம் ஒரு சாட்சி இருக்கவேண்டும் என்று எழுதியது.

இன்னொரு விசித்திரம். தூதுவர்களின் பெயர்களை அவர் சிங்கள எழுத்தில் எழுதுவார். தமிழில் க என்று எழுதினால் அதை எப்படி உச்சரிப்பது என்று விடிந்தால் மறந்துபோகும். சிங்களத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. பெயரைப் பிழையாகக் கூப்பிட்டால் விருந்து அங்கேயே முடிந்தது என்பார். ஆக, பெயர் சிங்கள எழுத்தில், திகதி எண்ணில், மற்ற எல்லாக் குறிப்பும் ஓரத்தில் தமிழில், பொடி எழுத்தில். ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் கையளித்திருந்தால் நேரத்தோடு ஒரு சொல் சேர்த்திருப்பார்: முன். பின்.

பட்டியல் கணினிக்குப் போனது

அவர் அறுபது வயதில் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, பட்டியலை எக்செலில் ஏற்றச் சொன்னோம். நல்ல முடிவு. முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் அவருடைய கொப்பிகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து ஏற்றினார். கவனமான பிள்ளை. சிங்களம் மட்டும் வாசிப்பவர். பெயர்கள் சிங்களத்தில் இருந்தன, ஏற்றினார். திகதி எண்ணில் இருந்தது, ஏற்றினார். ஓரத்தில் இருந்த தமிழ்க் குறிப்புகளைப் பற்றிக் கேட்டபோது, அது சேரின் சொந்த விடயம், வீட்டுக் கணக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று பிறகு விசாரித்தபோது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நானாகவும் இருக்கலாம். அதில் சாவடி, பஸ், பிளேன்ரீக் காசு எல்லாம் இருந்தது உண்மைதான்.

எக்செல் தாளில் நேரத்துக்கு ஒரு நிரல் இல்லை. திகதி வாரியாக அடுக்கினோம். திகதி ஒன்றாக இருந்தால் நாட்டின் பெயர், ஆங்கில அகரவரிசை. யாரும் அப்படி அடுக்கச் சொல்லவில்லை. இரண்டாவது நிரல் நாட்டின் பெயர் என்பதால் அப்படி அமைந்துவிட்டது.

மூத்தவருக்குப் பிரியாவிடை வைத்தோம். மாலை போட்டோம். ஏழு கொப்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். எங்களில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை

எட்டு மாதம் கழித்து, வருகை தந்திருந்த ஒரு வெளிநாட்டு அமைச்சருக்கு இராப்போசனம். காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்று. முப்பத்தெட்டு விருந்தாளிகள். மேசை 'ப' வடிவம். அடிக்கோட்டின் நடுவில் விருந்தளிப்பவர், அவருக்கு வலப்பக்கம் பிரதம விருந்தினர், அதன் பிறகு இடம், வலம், இடம், வலம் என்று வரிசை இறங்கி இரண்டு கைகளுக்கும் போகும். இந்த முறையில் மூன்றும் நான்கும், ஐந்தும் ஆறும் என்று சோடியாக வரும் எண்காரர்கள் எதிரும் புதிருமாக, விருந்தளிப்பவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருப்பார்கள். ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை. சாப்பாடு ஒன்று, வெளிச்சம் ஒன்று, தூரம் ஒன்று. சாதாரண ஆளுக்கு வித்தியாசமே தெரியாது. தூதுவருக்குத் தெரியும்.

ஆசனத் திட்டத்தைப் போட்டவர் பிரிவுக்கு வந்து ஆறு மாதமான இளம் உத்தியோகத்தர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர், வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையைத் தமிழ் மொழியில் எழுதித் தேறியவர். எக்செல் பட்டியலைப் பின்பற்றிச் சரியாகப் போட்டார். பிற்பகல் இரண்டு மணிக்கு அதைப் பார்த்துக் கையொப்பம் இட்டவன் நான். பெயர்களின் எழுத்துக் கூட்டல் பார்த்தேன். யாருக்குப் பன்றியிறைச்சி ஆகாது, யார் சைவம் என்று பார்த்தேன். ஒரே திகதியில் இரண்டு பெயர் அடுத்தடுத்து இருந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

7.41க்கு அது நடந்தது. டில்லியில் வசிக்கும் தூதுவர் ஒருவர் அன்று பிற்பகல்தான் விமானத்தில் வந்திருந்தார். வாசலில் பலகையில் மாட்டியிருந்த ஆசனப் படத்தைப் பார்த்தார். உள்ளே போய் இடக்கைப் பக்கம் தன் கதிரைக்கு முன்னால் நின்றார். பெயரட்டையைக் கையில் எடுத்தார். எதிர்ப்பக்கம், வலக்கையில், கொழும்பில் வசிக்கும் இன்னொரு தூதுவர் ஏற்கெனவே உட்கார்ந்து பக்கத்தில் இருந்த பெண்மணியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இவர் அவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அட்டையை மேசையில் வைத்தார். கவிழ்த்து வைத்தார். எழுத்து கீழே, வெள்ளைப் பக்கம் மேலே.

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை. கதிரையில் மட்டும் உட்காரவில்லை.

இளையவர் அதைக் கண்டது அதிர்ஷ்டம். பரிமாறுபவர்கள் கண்டிருந்தால் அட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் தூதுவரிடம் போய் என்ன என்று கேட்கவில்லை. ஏதாவது சரி செய்ய வேண்டுமா என்று கேட்டார். தூதுவர் கேட்டது ஒரே கேள்வி: நாங்கள் இருவரும் ஒரே காலையில் பத்திரம் கொடுத்தோம், அன்று உள்ளே முதலில் போனது நானா, அவரா?

அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை, ஊகிக்கவும் இல்லை. பத்து நிமிடத்தில் விடை சொல்கிறேன், அதுவரை முன்கூடத்தில் இருக்க முடியுமா என்று கேட்டு அழைத்துப்போய் உட்கார வைத்தார். நான் கீழே வாசல் மண்டபத்தில் பிரதம விருந்தினரின் காருக்காக நின்றிருந்தேன். எட்டு மணிக்கு வரவேண்டும். இளையவர் படியால் இறங்கி வந்தார்.

"சேர், கார்ட்டைக் கவிழ்த்து வச்சிட்டார்."

இந்தத் தொழிலில் இருபது வருடம் இருந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் முடிவு இளையவருடையது. என்னைக் கேட்காமலே வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்தார். அலுவலகக் கோவை பூட்டிய அலுமாரியில், திறப்பு வீட்டுக்குப் போன ஒருவரிடம். மூத்தவரின் வீட்டில் கொப்பி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். பிரியாவிடைப் படத்தில் பையைக் கண்டாராம். அவர் பிரிவுக்கு வரும் முன்பே எடுத்த படம் அது, சுவரில் மாட்டியிருந்தது.

மூத்தவர் உடனே விடை சொல்லியிருக்கலாம், அவருக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. "பொறுங்கோ பிள்ளை, கொப்பியைப் பாத்துச் சொல்லுறன்" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நிமிடம் இந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும். திரும்பி வந்து வாசித்தார். டில்லிக்காரர் முந்தின நாள் இரவு 10.50க்கு இறங்கினவர், கொழும்புக்காரர் விடிய 4.35க்கு இறங்கினவர். அடுத்த வாரம் பத்திரம் கையளிப்பு: டில்லிக்காரர் 10.05, கொழும்புக்காரர் 10.40. ஓரத்தில் முன், பின்.

ஆக, பிழை எங்களுடையது. வலக்கைக் கதிரை டில்லிக்காரருடையது.

பேச்சு முடியுமுன் மூத்தவர் ஒன்று சொன்னார். "பிள்ளை, இருந்தவரை எழுப்பாதேங்கோ. எழுப்பினா ஒரு பிழை ரெண்டு பிழையாப்போம்."

இப்போது 7.54. எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது.

கதிரைகளை மாற்றலாம். அட்டை இரண்டு, ஒரு நிமிட வேலை. ஆனால் மற்றவர் உட்கார்ந்து கால் மணி நேரமாகிவிட்டது. அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. அவரை எழுப்பினால் முப்பத்தேழு பேருக்கு முன்னால் ஒருவரைக் கீழிறக்குகிறோம். ஆசனப் படத்தை வாசலில் எல்லோரும் பார்த்தும் விட்டார்கள்.

இரண்டாவது வழியை அருகில் நின்ற ஒரு சக உத்தியோகத்தர் சொன்னார்: கொழும்பில் வசிப்பவருக்கு முன்னுரிமை, வெளியூர்க்காரர் அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிடுங்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நொடி எனக்கும் ஆசை வந்தது. ஆனால் 16ஆம் உறுப்புரையில் வசிப்பவர், வசிக்காதவர் என்ற பிரிவு இல்லை. எங்கள் பிரிவிலும் அப்படி எழுதிய விதி இல்லை. அதுவரை இருவரையும் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தோம். ஒரு விருந்தைக் காப்பாற்ற வாயால் ஒரு விதியை உண்டாக்கினால், மறுநாள் டில்லியில் இருக்கும் அத்தனை தூதுவர்களும் அதை எழுத்தில் கேட்பார்கள்.

மூன்றாவது வழி, உள்ளதைச் சொல்வது. அதைத் தேர்ந்தேன். முன்கூடத்துக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன்: முன்னுரிமை உங்களுடையது. இன்றைய மேசை பிழை, பிழை எங்களுடையது. மற்றவருக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவரை எழுப்பாமல் இன்றிரவு மட்டும் இப்படியே விட உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். நாளை எழுத்தில் தருகிறோம்.

அவர் சற்றுநேரம் பேசவில்லை. "எழுத்தில் என்றால் எத்தனை மணிக்கு?"

"பகல் பன்னிரண்டுக்கு முன்."

எழுந்து வந்தார். அட்டையை நிமிர்த்தி வைத்தார். உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் பிரதம விருந்தினரின் கார் வந்தது. விருந்து நன்றாகவே நடந்தது என்று மறுநாள் பலர் சொன்னார்கள். அவர் கோப்பிக்கு முன் எழுந்து போய்விட்டார். விடியற்கால விமானம் என்றார்.

மறுநாளும் அதன் பிறகும்

இந்த இடத்தில்தான் நான் இரண்டாவது பிழையைச் செய்திருந்தேன், அது முதலாவதை விடப் பெரியது. பன்னிரண்டு என்று சொன்னது என் வாய். கடிதத்தில் ஒப்பமிடும் அதிகாரம் என்னிடம் இல்லை.

காலை எட்டரைக்கு வரைவு ரெடி. மேலதிகாரி காலை முழுவதும் ஒரு கூட்டத்தில். அதற்கு மேலே உள்ளவர் கோவை இல்லாமல் பார்க்க மாட்டார். கோவையைத் தேடி எடுக்க பத்தே முக்கால். அதில் அந்த நாளின் நிகழ்ச்சி நிரல் இருந்தது, 10.05, 10.40 என்று தட்டச்சில். மூத்தவரின் கொப்பியோடு நிமிடம் பிசகாமல் பொருந்தியது. சொற்களில் 'பிழை' என்று போடுவதா, 'எழுத்துநிலைத் தவறு' என்று போடுவதா என்று இன்னொரு மணி நேரம் போனது. கடிதம் 3.20க்கு வெளியே போனது.

2.10க்கே டில்லியிலிருந்து குறிப்பு வந்துவிட்டது. தூதரகங்கள் மூன்றாம் ஆள் நடையில், பெயரும் கோபமும் இல்லாமல் எழுதுகிற குறிப்பு. ஆசன வரிசையைப் பற்றி அதில் ஒரே வரி. மீதி முழுவதும், குறித்த நேரத்துக்குள் எழுத்தில் தரப்படும் என்று சொல்லப்பட்ட உறுதி கிடைக்கவில்லை என்பதைப் பற்றியது. விருந்து மேசையிலேயே முடிந்திருக்க வேண்டிய விடயம் நான் வாயால் சொன்ன அந்த நேரத்தால் கோவை எண் பெற்றது.

இளையவரிடம் விளக்கம் கோரிக் கடிதம் போனது, திட்டம் அவர் கையால் போட்டது என்பதால். நான் என் பக்கத்துக் கடிதத்தில் மூன்று விடயம் எழுதினேன்: பட்டியல் அவர் வரும் முன்பே பிழையாக இருந்தது, திட்டத்தில் ஒப்பம் என்னுடையது, பன்னிரண்டு மணி என்று உறுதி சொன்னதும் நான். விசாரணை ஆறு வாரம் இழுத்தது. முடிவில் எனக்கு ஒரு ஆலோசனைக் கடிதம், சுயவிவரக் கோவையில் சேர்த்தார்கள். அது நியாயம். இளையவர் மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதினார்கள். ஆனால் அந்த ஆறு வாரத்துக்குள் வெளிநாட்டு நியமனங்களின் பட்டியல் ஒன்று போனது, விசாரணை நிலுவையில் இருந்ததால் அவருடைய பெயர் அதில் சேரவில்லை. அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை, யாரும் பொறுப்பேற்கவும் இல்லை. நடவடிக்கை இல்லை என்ற சொல்லுக்கு இந்த விலையும் உண்டு என்பதை அன்று நான் கணக்கில் எடுக்கவில்லை. விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள் என்று இரண்டாவது வாரமே எழுதியிருக்க வேண்டும்.

அவர் பிறகு வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் போனார். போகவேண்டாம் என்று சொன்னேன். "இங்க நான் செஞ்சது சரின்னு எல்லாரும் சொல்றாங்க சேர். எழுதத்தான் யாரும் இல்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த சுற்றில் ஒரு தூதரகத்துக்கு நியமனம் கிடைத்தது.

கொப்பிகள்

பட்டியலைத் திருத்த வேண்டும். அதற்குக் கொப்பி வேண்டும். ஒரு சனிக்கிழமை 100 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனேன். மேசையில் ஏழையும் அடுக்கி வைத்திருந்தார். அலுவலகத்துக்குத் தாருங்கள் என்று கேட்டேன்.

"தம்பி, இது என்ர கொப்பி. காசு குடுத்து வாங்கினது."

அரச கடமையின்போது எழுதியது அரச ஆவணம் என்று வாதாடியிருக்கலாம். சட்டப்படி அதில் கொஞ்சம் பலமும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கொப்பி ஏன் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். நள்ளிரவுச் சாவடியில் தன்னைக் காப்பாற்ற எழுதியதை பல மாதத்துக்கு முன் வீட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட்டு, இப்போது அரசாங்கத்தின் சொத்து என்று கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. படி எடுக்க மட்டும் கேட்டேன். சரி என்றார். இருவருமாக காலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பக்கத்துக்குப் பக்கம் அவரே புரட்டிக் கொடுத்தார். கடைப் பையனை மட்டையைத் தொட விடவில்லை.

ஏழாவது கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் படி எடுக்கும்போது, ஓய்வுக்குப் பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கண்டேன். சந்தை, மருந்து, கோயில். அந்த விருந்து நாளின் பக்கமும் இருந்தது: 7.46 ரெலிபோன். 7.50 விடை சொன்னது. 8.10 சாப்பாடு, இடியப்பம்.

கொப்பியோடு ஒப்பிட்டபோது எக்செல் பட்டியலில் இன்னும் மூன்று இடத்தில் முன் பின் மாறியிருந்தது. அந்த மூன்று சோடிகளும் அதுவரை ஒரே மேசையில் சந்திக்கவில்லை.

இன்று செய்வதானால்

நேரத்துக்கு ஒரு நிரல், அது இப்போது இருக்கிறது. இறங்கிய நேரம் ஒன்று, கையளித்த நேரம் ஒன்று. நேரம் தெரியாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'தெரியாது' என்று எழுதச் சொல்கிறேன். வெறும் கட்டத்தைக் கணினி தன் பாட்டில் ஏதோ ஒரு வரிசையில் அடுக்கும், நாமும் அதைச் சரியென்று நம்பிவிடுவோம்.

ஆசனத் திட்டம் பார்ப்பவர் எழுத்துக் கூட்டலையும் வரிசையையும் ஒரே தடவையில் பார்க்கக்கூடாது. நான் அன்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கண் எழுத்தில் நின்றுவிட்டது. ஒரே திகதி வரும் இடங்களை இப்போது சிவப்பில் வட்டமிட்டுத்தான் என்னிடம் கொண்டுவருவார்கள்.

யாராவது ஓய்வுபெற்றுப் போகும்போது அவர் எழுதியதை வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மூத்தவரைத் தவிர எங்கள் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் அன்று நான் ஒருவன்தான். அரசகரும மொழி இரண்டு என்று 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து எழுதி இருக்கிறது; கொப்பியின் ஓரம் வரைக்கும் அது வரவில்லை. அந்த மூன்று வாரமும் பக்கத்து அறையில் இருந்தும் நான் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

வாயால் நேரம் சொல்வதைப் பற்றி: இப்போது நான் 'நாளை' என்று மட்டும்தான் சொல்கிறேன். மணி கேட்டால், ஒப்பமிடுபவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பேன். கேட்பவருக்கு அது பிடிக்காது. பரவாயில்லை.

இருந்தவரை எழுப்பாமல் விட்டது சரியா என்பதில் வகுப்பில் ஒவ்வொரு தடவையும் இரண்டு கட்சி உண்டாகிறது. பிரதம விருந்தினர் வரும் முன் மாற்றியிருக்கலாம், அவரிடமும் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவரே எழுந்து இடம் கொடுத்திருப்பார் என்று ஒரு மாணவர் வாதாடினார். அவர் சொல்வது பிழை என்று எனக்கு நிரூபிக்க முடியாது. ஆறு நிமிடத்தில் எனக்குத் தோன்றியது இது.

டில்லியில் வசிக்கும் தூதுவர்களை ஒரே வரிசையில் வைப்பதா, தனி வரிசையா என்பதற்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும் என்று அந்த விசாரணை அறிக்கையிலேயே கேட்டிருந்தேன். வரைவு இரண்டு தடவை மேலே போய் இரண்டு தடவை கேள்வியோடு திரும்பி வந்தது. கொப்பிகளின் தமிழ்க் குறிப்புகளைச் சிங்களத்தில் பெயர்க்கும் வேலை மூன்றாவது கொப்பி முடிந்து நிற்கிறது. நான்கு மிச்சம். மூலக் கொப்பிகள் இன்னும் வெள்ளவத்தையில்தான்.